வாய்க்கால் இல்லாத ஏரி

எங்கள் ஊரில் ஏரி என்றால் அதற்கு உறுப்புகள் உண்டு: வரத்து வாய்க்கால், கரை, மதகு, கலிங்கு. ஐப்பசி மழையில் கலிங்கு வழிந்தால் ஊரே திரண்டு வேடிக்கை பார்க்கப் போகும். வாய்க்கால் தூர்ந்துவிட்டால் ஏரியின் கதை முடிந்தது. பிறகு அங்கே மனைப்பிரிவுக் கல் நடுவார்கள். செங்கல்பட்டுப் பக்கம் பிறந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் க்ரேட்டர் லேக்கின் விளிம்பில் போய் நின்றபோது, பக்கத்தில் எல்லோரும் நீலத்தைப் பார்த்து வாய்பிளந்துகொண்டிருக்க, என் கண் வாய்க்காலைத் தேடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் செங்குத்துப் பாறைச் சுவர். நடுவே தண்ணீர். எந்தப் பக்கமிருந்தும் ஓர் ஆறு உள்ளே வரவில்லை. எந்தப் பக்கமும் வெளியே போகவில்லை.

"தண்ணி எங்கேருந்துடா வருது?" என்று மகனைக் கேட்டேன்.

அவன் பேசாமல் வானத்தைக் காட்டினான்.

அவன் வேலை பார்க்கும் போர்ட்லாந்திலிருந்து காரில் ஐந்து மணி நேரம். வழியெல்லாம் ஊசியிலைக் காடு. மேலே ஏறியதும் ஜூலை மாதத்திலும் சாலையோரம் அழுக்குப் பனி. ஏரியின் நீர்மட்டமே கடல் மட்டத்துக்கு 1,883 மீட்டர் மேலே இருக்கிறது. நாங்கள் நின்ற விளிம்பு அதற்கும் 280 மீட்டர் மேலே, ஏறக்குறைய ஊட்டி உயரம். எதிர்க்கரை எட்டு முதல் பத்து கிலோமீட்டர் தள்ளி. ஆழம் 594 மீட்டர். அமெரிக்காவிலேயே இதுதான் ஆழமான ஏரி. சென்னை அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தின் உயரம் 54 மீட்டர் என்பார்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினொன்றை நிறுத்தினால், பதினொன்றாவது கட்டடத்தின் மொட்டைமாடி தண்ணீரைத் தொடும்.

இவ்வளவு பெரிய பள்ளம் மலை உச்சியில் எப்படி வந்தது? வெடித்துச் சிதறியதால் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். ஏரியின் பெயரே அப்படித்தான் நினைக்க வைக்கிறது. க்ரேட்டர் என்றால் எரிமலை வாய். ஆனால் இது வாய் அல்ல, இடிந்து உள்ளே போன கூரை. புவியியலாளர்கள் இதைக் கால்டெரா என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் கொப்பரை என்று அர்த்தம்.

இங்கே முன்பு மஸாமா என்றொரு மலை இருந்தது. பெயர் பிற்காலத்தது. 1896-இல் மலையேற்றச் சங்கம் ஒன்று, காணாமல் போன மலைக்குத் தன் பெயரையே சூட்டியது. உயரம் சுமார் 3,700 மீட்டர். பசிபிக் கடலடித் தட்டு ஒன்று அமெரிக்கக் கண்டத்துக்கு அடியில் செருகிக்கொண்டு போகிறது. அதோடு சேர்ந்து போகும் நீர் ஆழத்துப் பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடுகிறது. அப்படி உருகிய குழம்பு மேலேறி, நான்கு லட்சம் ஆண்டுகளில் சிறுகச் சிறுகக் கட்டிய மலை அது. சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் அதன் அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் பிசுபிசுத்த குழம்பு பெருமளவு சேர்ந்திருந்தது. அதில் கரைந்திருந்த வாயு, கோலி சோடாவின் குண்டைத் தட்டியதும் பொங்குவதுபோல் ஒரு துவாரம் வழியாகப் பொங்கியது. அடியில் இருந்த குழம்பு குறையக் குறைய மேலே மலைக்குத் தாங்கு இல்லாமல் போனது. உப்பிய பூரியை விரலால் குத்தினால் மேல்தோல் அமுங்குமே, அப்படி. மலையின் தலை விரிசல்விட்டு இறங்கியது. இறங்கிய கனத்தில் சுற்றிலும் புதிய துவாரங்கள் திறந்து மீதிக் குழம்பும் பீறிட்டது. எல்லாம் சில நாட்களில், ஒருவேளை சில மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

வெளியே வந்த குழம்பு சுமார் 50 கன கிலோமீட்டர். இன்றைய சென்னை மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டரிலும் அதைச் சமமாகப் பரப்பினால் 117 மீட்டர் கனம் வரும், எல்.ஐ.சி.மேல் இன்னொரு எல்.ஐ.சி. நின்றாலும் மூழ்கிப்போகும். சாம்பல் கனடா வரை விழுந்தது. கிரீன்லாந்தின் பனிக்கட்டிக்குள்ளும் அதன் துகள் கிடைத்திருக்கிறது. வடக்கு வாசல் வழியாக வந்தால் நுரைக்கல் வெளி ஒன்றைக் கடக்க வேண்டும். குளியலறையில் குதிகால் தேய்க்க வாங்கி வைக்கிறோமே, அதே கல், கண்ணுக்கெட்டிய தூரம். ஒன்றை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். தேங்காய் அளவு, கனம் ஒரு பன் ரொட்டி அளவுகூட இல்லை. கல் முழுக்க ஊசித் துளைகள், ஒவ்வொன்றும் அன்று தப்பியோடிய வாயுவின் தடம். இத்தனை ஆயிரம் ஆண்டு கழித்தும் அந்த வெளியில் மரம் சரியாகப் பிடிக்கவில்லை. தேசியப் பூங்காவிலிருந்து கல்லை எடுத்துப்போகக் கூடாது. அதே குழியில் வைத்துவிட்டு வந்தேன்.

பள்ளம் ஆறியதும் மழையும் பனியும் அதில் விழத் தொடங்கின. இன்றைய மட்டத்துக்கு நிரம்ப ஏறத்தாழ 720 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்பது கணக்கு. மார்க்கோ போலோ காயல் துறைமுகத்துக்கு வந்த காலத்தில் ஒரு குழியில் முதல் துளி விழுந்து, நம் தலைமுறையில்தான் அது நிறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஆண்டுக்குப் பன்னிரண்டு மீட்டருக்கும் மேல் பனி பொழிகிறது. அப்படியானால் ஏரி ஏன் தளும்பி வழியவில்லை? ஒரு பகுதி ஆவியாகிறது. மீதி கசிகிறது. வடகிழக்குச் சுவரில், இரண்டு கெட்டியான எரிமலைப் பாறை அடுக்குகளுக்கு நடுவே இளக்கமான சரளை அடுக்கு ஒன்று இருக்கிறது. நீர்மட்டம் அதைத் தொட்டதும் அந்த வழியே மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. கடந்த நூறு ஆண்டுகளில் மட்டம் ஐந்து மீட்டர் அளவுக்குத்தான் ஏறி இறங்கியிருக்கிறது. ஆக, வாய்க்கால்தான் இல்லையே தவிர, கலிங்கு இருக்கிறது; மண்ணுக்குள் மறைந்திருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

இப்போது நீலத்துக்கு வருவோம். தண்ணீருக்கு நிறமில்லை என்று எழுதித்தான் நாம் எல்லோரும் மதிப்பெண் வாங்கினோம். குவளையில் மோந்தால் இந்த ஏரித் தண்ணீரும் அப்படித்தான். விளிம்பிலிருந்து பார்த்தால் மட்டும் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துவிட்டாற்போல் இருக்கிறது. வானம் பிரதிபலிக்கிறது என்று பக்கத்தில் ஒருவர் தன் பிள்ளைக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பாவம், அவரைக் குறை சொல்ல முடியாது. இங்கிலாந்தின் ரேலி பிரபுவே கடலின் நீலத்தைப் பற்றி அப்படித்தான் சொன்னார். அதை நம்பாமல் ஒரு படிகத்தை எடுத்துப் பார்த்தவர் திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன். 1921-இல் ஆக்ஸ்ஃபோர்டு போய்விட்டு நர்குண்டா என்ற கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். மத்தியதரைக் கடலின் நிறம் அவரை விடவில்லை. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நிக்கோல் பட்டகம் என்னும் படிகத் துண்டு தடுத்துவிடும். வானத்தின் பிரதிபலிப்பை அதனால் அணைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் கூடியது. அப்படியானால் நிறம் தண்ணீருக்கு உள்ளிருந்து வருகிறது. கடலின் நிறம் பற்றிய அந்தக் குறிப்பு அதே ஆண்டு நவம்பரில் 'நேச்சர்' இதழில் வந்தது. நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் விதத்தைத் துருவிக்கொண்டே போனவர், 1928 பிப்ரவரி 28-இல் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பது நமக்குத் தெரியும்.

இன்றைய விளக்கத்தில் இரண்டு வேலைகள் சேர்ந்து நடக்கின்றன. நீர் மூலக்கூறு சிவப்பு ஒளியை மெல்ல மெல்ல விழுங்குகிறது. சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு பெரும்பாலும் தீர்ந்துவிடும். மிஞ்சும் நீலத்தை மூலக்கூறுகளே நாலாபக்கமும் சிதறடிக்கின்றன, அதில் ஒரு பங்கு நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. எல்லாத் தண்ணீரிலும் இது நடக்கிறது. நடுவில் வண்டலோ பாசியோ இருந்தால் அவை தங்கள் நிறத்தைப் பூசிவிடும். க்ரேட்டர் லேக்குக்கு ஆறு கிடையாது, ஆகவே வண்டல் கிடையாது. வண்டல் வராததால் உரச்சத்து கிடையாது, ஆகவே பாசி மிகக் குறைவு. சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்டத்தகட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று அளப்பார்கள். இங்கே சராசரி 30 மீட்டர். 40 மீட்டருக்குக் கீழே போய் மறைந்த நாட்களும் உண்டு. எங்கள் ஏரியில் முழங்கை அளவு விட்டால் விரல் தெரியாது. ஆனால் எங்கள் ஏரியில் கெண்டை, கெளுத்தி, விரால் என்று ஒரு சந்தையே நீந்துகிறது. இங்கே 1888-ஆம் ஆண்டு வரை மீன் என்று ஒன்றுகூட இல்லை. இந்த நீலம் ஒன்றுமில்லாமையின் நிறம்.

விளிம்பில் நின்று பார்ப்பதில் திருப்தி இல்லாதவர்களுக்கு இங்கே நடைபாதைகள் ஏராளம். பூங்காவின் உயரமான முகடு ஸ்காட் மலை, 2,721 மீட்டர். எங்கள் முழங்கால்களைக் கேட்டுவிட்டு கார்ஃபீல்டு சிகரத்தைத் தேர்ந்தெடுத்தோம். 1915-இல் திறந்த பழைய விடுதியின் பின்புறத்திலிருந்து 2.7 கிலோமீட்டர் ஏற்றம், 300 மீட்டர் உயரம். எண்ணைப் பார்த்தால் சின்னதுதான். பாதி வழியில் என் மூச்சு எனக்கே கேட்டது. மகன் ஒன்றும் சொல்லாமல், காலணிக் கயிற்றைச் சரிசெய்வதுபோல் நாலு தடவை குனிந்து நேரம் கடத்தினான்.

அப்படி நின்ற ஓரிடத்தில் தலைக்குமேல் கரகரவென்று ஒரு சத்தம். காக்கை இனத்துப் பறவைதான். சாம்பல் உடம்பு, கறுப்பு இறக்கை, ஊசிபோல் அலகு. கிளார்க் கொட்டைகொத்தி என்பார்கள். அது உட்கார்ந்திருந்த வெண்பட்டைப் பைன் மரம் காற்றில் முறுகி முறுகி, தயிர் கடைந்த கயிறுபோல் திரிந்திருந்தது. மரத்தின் கூம்பு தானாகத் திறந்து விதையை உதிர்க்காது. பறவை வந்து அலகால் பிளக்க வேண்டும். விதைகளை நாக்கின் கீழ் உள்ள பையில் அடைத்துக்கொண்டு போய், நாலைந்தாகப் பிரித்து மண்ணில் புதைக்கும். ஒரே பருவத்தில் ஒரு பறவை பல்லாயிரம் விதைகளைப் புதைக்கிறது. பனிக்காலத்தில் பெரும்பாலானவற்றைத் தேடி எடுத்துத் தின்றுவிடும். மறந்தவை மரமாகும். பாறை வெடிப்பில் இரண்டு மூன்று பைன்கள் ஒட்டிக்கொண்டு முளைத்திருந்தால், அது என்றைக்கோ ஒரு பறவைக்கு வந்த மறதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேற்று மண்ணிலிருந்து கன்றுகளோடு வந்து சேர்ந்த கொப்புளத் துருநோய் இந்த மரங்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. 2022-இல் வெண்பட்டைப் பைனை அழிவு அச்சுறுத்தலில் உள்ள இனமாக அமெரிக்க அரசு அறிவித்தது. வழியில் வெள்ளி நிறத்தில் நின்றவற்றில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன்.

சிகரத்தில் உட்கார்ந்தால் ஏரி முழுவதும் காலடியில். மேற்கே, மாயாவித் தீவு என்று பொருள்படும் விஸார்டு தீவு: தண்ணீருக்குமேல் 230 மீட்டர் எழுந்து நிற்கும் கூம்பு, உச்சியில் சின்னதாக ஒரு குழி. பள்ளம் நிரம்பிக்கொண்டிருந்தபோதே உள்ளிருந்து வளர்ந்த குட்டி எரிமலை அது. எதிர்ச்சுவரில் இறக்கை விரித்த கழுகுபோல் ஒரு கரும்பாறை. அதன் பெயர் லாவ் பாறை. பெயருக்குரியவனின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும்.

இந்த ஏரி க்ளாமத் மக்களுடையது. கீவாஸ் என்பது அவர்கள் வைத்த பெயர். 1865-இல் க்ளாமத் கோட்டையில் இருந்த வில்லியம் கோல்விக் என்ற படைவீரர், லாலெக் என்ற முதிய தலைவரிடம் இந்தக் கதையைக் கேட்டார். பாதாளத்தின் தலைவன் லாவ். இந்த மலையின் வாய் வழியாகத்தான் வெளியே வருவான். ஊர்த் தலைவரின் மகள் லோஹாவின்மேல் ஆசைப்பட்டான்; அவள் மறுத்தாள். கோபத்தில் மலைமேல் ஏறி நின்று நெருப்பை வாரி இறைத்தான். மேலுலகத் தலைவன் ஸ்கெல் மக்களுக்காக ஷாஸ்தா மலையில் இறங்கினான். இரண்டு மலைகளும் தீப்பாறைகளை எறிந்துகொண்டன. பூமி நடுங்கியது. ஊர்ப் பெரியவர்கள் இருவர், மக்கள் செய்த பிழைக்கு ஈடாக, தீப்பந்தத்தோடு மலையேறி அந்த வாய்க்குள் குதித்தார்கள். ஸ்கெல் உக்கிரமாகப் போரிட்டு லாவைப் பாதாளத்துக்குத் துரத்தினான். விடிந்தபோது உயர்ந்த மலை இல்லை. லாவின்மேல் இடிந்து விழுந்திருந்தது. பிறகு ஆண்டுக்கணக்கில் மழை. பள்ளம் நிறைந்தது.

இன்னொரு வடிவமும் உண்டு. அதில் லாவின் உடலைத் துண்டாக்கி ஏரியில் எறிகிறார்கள். ஏரிக்குள் இருக்கும் அவனுடைய பூதகணங்கள் அதை எதிரியின் உடல் என்று நம்பித் தின்கின்றன. தலை விழுந்ததும் தங்கள் தலைவன் என்று தெரிந்து தொடாமல் விட்டுவிடுகின்றன. அந்தத் தலைதான் விஸார்டு தீவு. அந்தக் கணங்களில் முக்கியமானது ஒரு ராட்சதச் சிங்கி. தண்ணீருக்குள்ளிருந்து கொடுக்கை நீட்டி, விளிம்பில் நிற்பவர்களைப் பறித்துக்கொண்டு போகுமாம். இந்தச் சிங்கியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலை உள்ளே இடிந்து விழுந்தது என்று கதை சொல்கிறது. புவியியலில் அது வெகுநாள் தீராத வழக்காக இருந்தது. இடிந்து விழுந்ததுதான் என்பதை ஹோவெல் வில்லியம்ஸ் 1942-இல் விரிவாக நிறுவினார். அப்படியானால் கண்ணால் பார்த்தவர்களின் சாட்சியமா இந்தக் கதை? பார்க்க ஆட்கள் இருந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. 1938-இல் லூதர் கிரெஸ்மன் என்ற மானிடவியலாளர், இங்கிருந்து வடகிழக்கே ஃபோர்ட் ராக் குகையில் தோண்டினார். மஸாமாவின் சாம்பல் அடுக்கைச் சுரண்டி எடுத்ததும் அதன் அடியில் செருப்புகள். ஒன்றிரண்டல்ல, டஜன் கணக்கில். சேஜ் புதரின் பட்டையை உரித்துத் திரித்துப் பாய்போல் முடைந்தவை. விரல்களை மூட முன்னால் ஒரு மடிப்பு. வயது 9,000 ஆண்டுகளுக்கு மேல். யாரோ கழற்றிப்போட்ட செருப்பின்மேல் பிற்பாடு அந்த மலை வந்து விழுந்திருக்கிறது.

ஆனால் 7,700 ஆண்டு என்பது ஏறத்தாழ முந்நூறு தலைமுறை. அத்தனை வாய்கள் வழியாக ஒரு சேதி உருமாறாமல் வருமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பள்ளத்தையும் நுரைக்கல்லையும் பார்த்து, கூர்மையான ஒருவர் பின்னால் ஊகித்துக் கட்டிய கதையாகவும் இருக்கலாமே. எனக்கு இரண்டில் எது என்று தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. ஊகமாகவே இருந்தாலும், தேர்ந்த புவியியலாளர்கள் வாதாடிக்கொண்டிருந்த கேள்விக்குச் சரியான விடையை ஊகித்த ஒருவர் அந்த மக்களிடையே இருந்தார் என்று ஆகிறது. அதுவும் குறைந்த விஷயமல்ல. அவர்களிடமிருந்து இந்த நிலம் 1864 ஒப்பந்தத்தில் கைமாறியது. 1954-இல் அவர்களை ஓர் இனக்குழுவாக ஏற்பதையே அமெரிக்க அரசு நிறுத்திக்கொண்டது. 1986-இல்தான் அந்த ஏற்பு திரும்பக் கிடைத்தது.

வெள்ளையர்கள் ஏரியைப் பார்த்தது 1853-இல், தங்கம் தேடி வந்த வழியில். ஆனால் ஏரியின் தலையெழுத்தை மாற்றியவர் வில்லியம் கிளாட்ஸ்டன் ஸ்டீல். 1870-இல் கான்சாஸில் பள்ளி மாணவனாக இருந்தபோது, மதியச் சாப்பாட்டைச் சுற்றியிருந்த செய்தித்தாளில் இப்படியோர் ஏரி இருப்பதைப் படித்தார். நமக்கும் அப்படித்தானே, பாதி உலக ஞானம் பஜ்ஜி மடித்த காகிதத்தில் வந்தது. 1885-இல் நேரில் பார்த்தார். மறு ஆண்டு கிளாரன்ஸ் டட்டன் தலைமையில் அரசுப் புவியியல் குழு வந்தபோது கூடவே இருந்தார். படகைச் சுவர்மேலிருந்து கயிறு கட்டி இறக்கி, பியானோக் கம்பியின் நுனியில் ஈயத்தைத் தொங்கவிட்டு 168 இடங்களில் ஆழம் பார்த்தார்கள். அவர்கள் கண்ட அதிக ஆழம் 608 மீட்டர். இன்றைய ஒலியலைக் கருவிகள் சொல்வது 594. கம்பியும் ஈயமும் வைத்துக்கொண்டு பதினான்கு மீட்டர்தான் பிசகினார்கள். இந்த இடம் தேசியப் பூங்காவாக வேண்டும் என்று ஸ்டீல் பதினேழு ஆண்டு அலைந்தார். 1902-இல் அது நடந்தது. அவர் இல்லையென்றால் விளிம்பு முழுக்க இன்று ஓட்டல்கள்தான் இருந்திருக்கும்.

அதே ஸ்டீல்தான் 1888-இல் ரோக் ஆற்றிலிருந்து 600 ட்ரௌட் குஞ்சுகளை வாளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு மலையேறினார். ராமன் பிறந்த அதே ஆண்டு. வழி முழுக்க ஓடை கண்ட இடமெல்லாம் தண்ணீர் மாற்றினார். ஏரிக்கு வந்து சேரும்போது உயிரோடு இருந்தவை 37. அவர் நோக்கத்தில் குற்றமில்லை. வருபவர்கள் தூண்டில் போட்டு மகிழட்டும் என்றுதான். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் ட்ரௌட் விட்ட வெள்ளையர்களுக்கும் இதே நினைப்புதான். வெறுமையாக ஒரு தண்ணீரைப் பார்த்தால் எதையாவது விட்டு நிரப்பாமல் அந்தக் காலத்து மனிதர்களால் இருக்க முடியவில்லை. 1941 வரை மீன் விட்டார்கள். ஆற்று மீன்கள் இங்கே தின்ன ஒன்றும் இல்லாமல் இளைத்தன. அதற்கும் வழி கண்டார்கள்: மீனுக்குத் தீனியாக 1915-இல் நன்னீர்ச் சிங்கிகளைக் கொண்டுவந்து விட்டார்கள்.

இறாலுக்கும் நண்டுக்கும் நடுவில் ஒரு பிராணி. விரல் நீளம் முதல் உள்ளங்கை நீளம் வரை, முன்னால் இரண்டு கொடுக்கு. கீழே க்ளாமத் பகுதி ஆறுகளில் இயல்பாக இருப்பதுதான். ஆகவே கதை சொன்னவர்களுக்குச் சிங்கியைத் தெரியும். ஏரியில்தான் அது இல்லை, கதையில் தவிர.

ஏரிக்கென்று ஒரு சொந்தக்காரன் இருந்தான்: மஸாமா நியூட். தவளையின் உறவு; பார்க்கப் பல்லியைப்போல் இருக்கும். உலகில் வேறெங்கும் இல்லாத துணையினம். இதன் வெளியூர் உறவினரான கரட்டுத்தோல் நியூட்டுகளுக்கு ஆரஞ்சு வயிறு. எதிரி வந்தால் உடம்பை வளைத்து வயிற்றைக் காட்டும்: தொட்டால் செத்தாய் என்று எச்சரிக்கை. சும்மா மிரட்டல் அல்ல. பேத்தை மீனில் இருக்கும் அதே டெட்ரோடோடாக்சின் அவற்றின் தோலில் இருக்கிறது. மஸாமா நியூட்டின் வயிறோ கருத்திருக்கும். விஷமும் மிகக் குறைவு. மீனே இல்லாத ஏரியில் யாருக்காக விஷம் காய்ச்ச வேண்டும்? ஏழாயிரம் ஆண்டுகளில் ஆயுதம் வீணென்று ஆகிவிட்டது.

அங்கேதான் கொடுக்கு வந்து சேர்ந்தது. சிங்கிகள் நியூட்டைத் தின்னும். அது ஒளியும் கல்லிடுக்குகளைப் பிடுங்கிக்கொள்ளும். அது தின்னும் பூச்சிகளையும் காலிசெய்யும். முதல் பல பத்தாண்டுகள் சிங்கிகள் அடக்கமாகவே இருந்தன. பிறகு ஏரி நீர் கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பாகத் தொடங்கியதும் பெருகிப் பரவின. 2014 வாக்கில் கரையின் ஐந்தில் நான்கு பங்கு அவற்றின் கையில். அதன் பிறகும் நிற்கவில்லை. சிங்கி இருக்கும் கரையோரம் பூச்சிகள் குறைவதால், அவை மேய்ந்துகொண்டிருந்த பாசி படர்கிறது என்பதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நீலத்தின் ஓரத்தில் மெல்லப் பச்சை. வலைவைத்துப் பிடித்து மாளாது. மருந்தடித்தால் எல்லாமே சாகும். இன்று இந்த ஏரியில் மீன் பிடிக்க உரிமம் வேண்டாம், எத்தனை வேண்டுமானாலும் பிடித்துப் போகலாம். ஸ்டீல் கேட்டால் எப்படி எடுத்துக்கொள்வாரோ.

தண்ணீரைத் தொட வேண்டுமென்றால் ஒரே வழிதான். வடக்குக் கரையில் கிளீட்வுட் கோவ் பாதை. ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்குள் 213 மீட்டர் இறக்கம். (பராமரிப்புக்காக மூடுவதுண்டு, கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.) மறுநாள் காலை அதில் இறங்கினோம். போகும் வழியெல்லாம் கிழவர் கண்ணில் படுவாரா என்று பார்த்துக்கொண்டே போனேன். கிழவர் ஒரு மரக்கட்டை. ஒன்பது மீட்டர் நீள ஹெம்லாக் மரம். நேர்க்குத்தாக நின்றபடியே மிதக்கிறது. மேலே நீட்டிக்கொண்டிருப்பது 1.2 மீட்டர், வெளுத்துப்போன தலை. குறைந்தது 1896-இலிருந்து இப்படியே சுற்றிக்கொண்டிருக்கிறார். 1938-இல் மூன்று மாதம் பின்தொடர்ந்து குறித்தார்கள். 100 கிலோமீட்டர் நடந்திருந்தார். 1988-இல் ஓராள் நீர்மூழ்கியை இறக்கி ஏரியின் அடியை ஆராய வந்தவர்கள், இடையூறாக இருப்பாரே என்று அவரை விஸார்டு தீவில் கட்டிப்போட்டார்களாம். வானிலை கெட்டுப் புயலும் பனியுமாக வந்தது. அவிழ்த்துவிட்டதும் தெளிந்தது என்று இங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். ஏரி காத்த ராமரின் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரனுக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது. அந்த நீர்மூழ்கி கண்டுவந்த சேதி இன்னும் பெரியது: ஏரியின் அடியில் வெந்நீர் ஊறும் இடங்கள், அவற்றைச் சுற்றிப் பாய் விரித்தாற்போல் பாக்டீரியாக் கூட்டம். மலை தூங்குகிறது, அவ்வளவுதான். இங்கே கடைசி வெடிப்பு சுமார் 4,800 ஆண்டுகளுக்கு முன், தண்ணீருக்கு அடியில் நடந்தது.

கிழவர் அன்று எங்கள் பக்கம் வரவில்லை.

கரையில் மணல் இல்லை, பாறைத் துண்டுகள்தான். சில இளைஞர்கள் மேட்டிலிருந்து தண்ணீரில் குதித்து, குளிரில் அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். கையை விட்டேன். விரல்நுனி மரத்தது. முழங்கால் ஆழத்தில் கிடந்த கல்லின் ஒவ்வொரு வரியும் கண்ணாடிக்குள் வைத்ததுபோல் தெரிந்தது. மகன் காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினான்.

"அப்பா, நியூட் கல்லுக்கு அடியிலதானே இருக்கும்?"

"இருந்தா அங்கதான் இருக்கும். மெதுவா தூக்கு."

முதல் கல்லைத் தூக்கினான். புழுதிபோல் ஏதோ கிளம்பி அடங்கியது. செம்பழுப்பு நிறத்தில் ஒரு சிங்கி, வாலைச் சடக்கென்று மடித்துப் பின்பக்கமாகவே பாய்ந்து அடுத்த கல்லுக்குள் போனது. கல்லை இருந்த இடத்திலேயே வைத்தான். இரண்டாவது கல்லில் இரண்டு. மூன்றாவதில் உள்ளங்கை நீளத்துக்கு ஒன்று. ஓடவில்லை, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு அவனையே பார்த்தது. நான்கு, ஐந்து, ஆறு. அண்மை ஆண்டுகளில் ஆய்வாளர்கள் கோடை முழுக்கத் தேடியும் கண்ட நியூட்டுகள் மிகச் சில என்பது எனக்குத் தெரியும், அவனிடம் சொல்லவில்லை. பதினொன்றாவது கல்லை அவன் தூக்கியபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. அதன் அடியிலும் கொடுக்குதான்.

அதையும் இருந்தபடியே வைத்துவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டு, ஏற ஆரம்பித்தோம்.